பதினாலாவது பாட்டு

வளனின் சட்டைப் பையில் அந்தப் பாட்டுப் பிளேயரை வைக்க ஆனி குனிந்தபோது, பிலோமினா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் மைனி."

"பின்ன எப்ப? நாலு மணிக்குக் கோயில்ல இருக்கணும். இது இல்லாம அவனுக்கு ஒறக்கமே வராதுன்னு நீதானளா சொல்லுவ."

"ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்."

"எத?"

பிலோமினா கையை நீட்டினாள். பிளேயரையும் அதில் சுற்றியிருந்த இயர்போனையும் வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஆனி தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தம்பியின் தலைமுடியைச் சீவப் போனாள். அவள் எத்தனை முறை சீவினாலும் அது கடலில் இருந்து வந்ததுபோல நெற்றியில்தான் வந்து விழுந்தது.

கூடம் குறுகலானது. பெஞ்சின்மேல் சவப்பெட்டியை வைத்தபோது வளனின் வலது பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் ஒரு கை நுழையாது. அதனால் காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இடது பக்கமே நின்றார்கள், இடது பக்கமே உட்கார்ந்து அழுதார்கள். பிலோமினாவின் நாற்காலியும் அங்கேதான் கிடந்தது, அவனுடைய இடது காதுக்குப் பக்கத்தில். மூக்கிலும் இரண்டு காதுகளிலும் ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தார்கள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அது நடந்தது. சங்கு குளிக்கப் போன வள்ளத்தில் ஆறு பேர். வளன்தான் எப்போதும் முதலில் இறங்குவான். இருபத்திரண்டு வருடமாக இறங்கிக்கொண்டிருந்தவன் நேற்று ஏறவில்லை. வாயிலிருந்து காற்றுக்குழாய் கழன்று கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், பிலோமினாவை பெஞ்சில் உட்காரவைத்து, மெதுவாகக் கேட்டார்.

"காதுல எதுவும் தொந்தரவுன்னு சொன்னாராம்மா? இரைச்சல், தலைசுத்தல், அந்த மாதிரி?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவள் அதன் அடியில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, பழைய துறைமுகத்தைத் தாண்டும்போதுதான் அவளுக்கு முதல்முதலாக அந்தச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. டாக்டர் கேட்ட கேள்வியும் அவனுடைய பிளேயரும் இரண்டு நூல்முனைகள்போல அருகருகே கிடந்தன. ஒட்டுமா, ஒட்டாதா தெரியவில்லை. அந்த 'இல்ல' பொய்யா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

சேலை மாற்றப் போகிறேன் என்று சொல்லி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்தில் செபமாலையின் மூன்றாவது பத்து ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மேசை இழுப்பறையிலிருந்து பழைய ஆபீஸ் டைரியை எடுத்தாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுங்க ஏஜென்ட் ஒருவரின் ஆபீசில் அவளுக்கு வேலை. கன்டெய்னர் நின்றுபோனால், எந்தக் காகிதத்தில் பிசகு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. பன்னிரண்டு வருடப் பழக்கம். வீட்டிலும் அவள் அப்படித்தான்.

இரண்டு செல்போன்களை வளன் கடல் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டான். அதனால் போன கிறிஸ்துமஸுக்கு இந்தப் பிளேயரை வாங்கிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு பாட்டு. பாதி கோயில் பாட்டு, பாதி பழைய சினிமாப் பாட்டு. விடியுமுன் வள்ளத்தில் போகும்போதும் மத்தியானம் திரும்பும்போதும் அதுதான் அவனுக்குத் துணை. சனவரியில் பாட்டுகள் பாதியில் நிற்க ஆரம்பித்தன.

"ஏளா, ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கப்பலே வந்து எறங்குது. என் பாட்டு ஒண்ணு முழுசா எறங்க மாட்டேங்கு."

அவள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். உண்மைதான். ஒன்பது ஃபைல்கள் கெட்டிருந்தன. சிலவற்றில் ஒன்றுமே இல்லை, பெயர் மட்டும் இருந்தது. புதுப் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே அவன் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதுதான் காரணம் என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்தாள்.

"முழுசா ஏறி முடிச்சு, எடுக்கலாம்னு அது சொன்ன பெறவு எடுங்க."

"எங்கிட்ட அது எப்பளா பேசிச்சு?"

"எழுத்துல சொல்லும். கண்ணு இருக்குல்லா."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். பிப்ரவரி இரண்டாம் வாரம் மறுபடியும் வந்து நின்றான்.

டைரியில் அவள் கையெழுத்து தெளிவாக இருந்தது. பிப்ரவரி 11. பதினாலாவது பாட்டு கரகரக்கிறது என்கிறார். லேப்டாப்பில் சரியாக இருக்கிறது. அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். பிப்ரவரி 15. மறுபடியும் அதே பாட்டு, இன்னும் நாலைந்து பாட்டும். கார்டை ஃபார்மட் செய்தேன். பிப்ரவரி 20. வேறு கேபிள். பிப்ரவரி 26. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்து அதே கதை.

பதினாலாவது பாட்டு வயலினில் ஆரம்பிக்கும். அந்த வயலினைத்தான் அவன் சொன்னான். "தகரத்த ஒரசுன மாதிரி கேக்குளா."

அவள் இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு?"

"நீ கேக்கும்போது நல்லாருக்கு. நான் கேக்கும்போது கெட்டுப்போவுது."

"ஒங்களப் பாத்தா அதுக்கே பயமோ என்னவோ."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சனவரியில் பழுது உண்மையாகவே இருந்ததால், பிப்ரவரியிலும் அதுவேதான் ஒளிந்து ஒளிந்து வருகிறது என்று அவள் உறுதியாக நம்பினாள். ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஆபீசில் இப்படிப்பட்ட பிசகுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

கடைசிக் குறிப்பு மார்ச் 9. அன்று மட்டும் அவள் தன் வழக்கத்தை மீறியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கடைக்குப் போனபோது இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டாள். புதுக் கார்டு, புது இயர்போன். சாயங்காலம் அவன் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டான். பிறகு திரும்பி, "சரியாயிட்டுளா" என்றான். அவள் அப்படியே எழுதியிருந்தாள். சரியாயிட்டு. எதனால் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிளேயரை இயக்கினாள். முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றையும் ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் என்று கேட்டாள். ஒன்றாவது கெட்டிருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். எங்கேயாவது ஒரு கரகரப்பு, ஒரு வெட்டு. கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும், அழுகை ஒரு முறை உயர்ந்து தணிந்தது. பதினாலாவது பாட்டை முழுவதும் கேட்டாள். வயலின் தண்ணீர்போல வந்தது. நாற்பத்திரண்டும் முடிந்தபோது மணி இரண்டு. ஒரு ஃபைல்கூடக் கெட்டிருக்கவில்லை.

இயர்போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வலது குமிழ் தேங்காயெண்ணெய் பட்டுப் பழுத்த மஞ்சளாகியிருந்தது. இடது குமிழ் கடையிலிருந்து வந்த அன்றைய வெள்ளையோடு இருந்தது.

அவன் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தோளில் தொங்கவிட்டிருப்பான். இந்த மூன்று வாரமாக. அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி என்று அவளாகவே நினைத்திருந்தாள். அதைப் பற்றி உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பின்வாசல் தண்ணீர்த் தொட்டி அருகே கிளைட்டன் தனியாக நின்றிருந்தான். வளனோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கிறவன். நேற்று கீழே அவன் பக்கத்தில் இருந்தவனும் இவன்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த டீ டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

"கிளைட்டன், ஒண்ணு கேக்கேன். அவருக்குக் காது எப்படி இருந்துச்சு?"

தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"குளிக்கவன் எவனுக்குக்கா காது நல்லாருக்கு?"

"அதக் கேக்கல."

"அண்ணன் எங்ககிட்ட எதுவும் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டாரு. காதுன்னு வாயத் தொறந்தா பெர்சி சம்மாட்டி ரெண்டு வாரம் மேல உக்காந்து கயித்தப் பிடின்னுருவாரு. வள்ளம் அவரு வள்ளம், அவரு வச்சதுதான் சட்டம். அதனால நாங்க வீட்லகூடச் சொல்றதில்ல. பொம்பளைங்க கோயில்ல வச்சுப் பேசி, அது அவரு காதுக்குப் போயிரும். கேட்டா சளிம்போம். சூடும்போம்."

"பாட்டு கரகரங்குன்னு சொல்லுவீங்களா?"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இப்ப நெனச்சா ஒண்ணு தோணுது. கொஞ்ச நாளா வள்ளத்துல எடம் மாறி உக்காருவாரு. நாங்கல்லாம் அவருக்கு வலது பக்கம் வர்ற மாதிரி. வெயிலுக்குன்னு நெனச்சேன்."

வீட்டிலும் கட்டிலில் இடம் மாறியிருந்தான். சன்னல் பக்கம் காற்று வருகிறது என்று சொன்னான். அவளும் சுவரோரமாகப் படுத்துப் பழகிக்கொண்டாள். அவனுக்கு வலது பக்கம்.

"நேத்து கீழ என்ன நடந்துச்சு?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு."

"பத்து பாகம் ஆழம் இருக்கும். பையில சங்கு நெறஞ்சிட்டு. நான் மேல போவோம்னு கையக் காட்டுதேன். அண்ணனும் சரின்னு காட்டுனாரு. பெறவு பாத்தா…" அவன் உள்ளங்கையைத் தரையை நோக்கிக் கவிழ்த்தான். "தரையப் பாத்து நீந்துதாரு. மேல போறதா நெனச்சிக்கிட்டு. அவ்வளவு வேகமா. நான் காலப் பிடிச்சு இழுக்கதுக்குள்ள கொழாய் வாயவிட்டுப் போயிட்டு."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் இடது குமிழைக் கழற்றிவிட்டு, சரியாயிட்டு என்று சொன்னானா? இல்லை, அவளைப்போலவே அவனும் பாட்டுதான் கெட்டுப்போகிறது என்று நம்பினானா? ஒரு காதில் மட்டும் கேட்டபோது சரியாக இருந்ததை அவன் என்னவென்று நினைத்தான்? எதை மாற்றினால் எது சரியாகும் என்று இனி ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அது பொய் இல்லை. அது உண்மையும் இல்லை.

"அக்கா, அன்னைக்கே நான் கவனிச்சிருந்தா…"

"டீ ஆறுது," என்றாள். "குடி."

மூன்றரைக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெட்டியின் மூடியை வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து வளனின் நெற்றியில் கடைசி முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். பெர்சி சம்மாட்டி கொடுத்தார், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார். ஆனி கொடுத்தாள். அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பிலோமினா நாற்காலியிலிருந்து எழுந்து பிளேயரைச் சட்டைப் பையில் வைத்தாள். இயர்போனை மடித்து அதன்மேல் வைத்தாள். பையின் பொத்தானைப் போட்டாள்.

"பாத்துட்டியா?" என்று ஆனி கேட்டாள். "நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு மைனி."

"அப்ப முத்தம் குடுத்துட்டு வா. நேரமாச்சு."

பிலோமினா குனிந்தாள். அவனுடைய இடது காதுக்கு அருகே அவள் முகம் போனது. காலையிலிருந்து எத்தனையோ முறை போன இடம். அங்கேயே நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பெட்டியக் கொஞ்சம் செவுத்தவிட்டு நகத்துங்க."

மூடியைத் தூக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னும் ரெண்டு நிமிசத்துல தூக்கத்தானளா போறாங்க," என்றாள் ஆனி. "இப்ப எதுக்கு?"

"நகத்துங்க."

யாரும் அசையவில்லை. சாமியார் புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கிளைட்டன்தான் முதலில் வந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தான். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பெஞ்சின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. மெழுகுவர்த்தியின் சுடர் படுத்து எழுந்தது. ஒரு சாண் விலகியது. போதாது என்று அவள் கையைக் காட்டினாள். இன்னும் ஒரு சாண்.

தலைமாட்டைச் சுற்றிப் போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் அந்த இடைவெளிக்குள் நுழைந்தாள். அவனுடைய வலது பக்கம் குனிந்தாள். எதிர்ப் பக்கம் நின்றவர்களுக்கு அவள் முடி மட்டும்தான் தெரிந்தது. முத்தம் கொடுத்தாளா, ஏதாவது சொன்னாளா என்று அவர்களால் பார்க்க முடியவில்லை. வெகுநேரம் அவள் நிமிரவில்லை. அவள் முதுகு உரசி, சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.