இடப்பக்க இருக்கை

பாகலூர் சாலையில் பழைய வண்டி விற்கும் மைதானத்துக்குள் நுழைந்ததுமே ரோஷனுக்கு அந்த வெள்ளைப் பிக்கப்பின் மேல் காதல் வந்துவிட்டது. எருதின் நெற்றிபோல் அகலமான முன்பக்கம், ஏறி உட்கார்ந்தால் ஊரையே குனிந்து பார்க்கும் உயரம், ஏசி, பாட்டுப்பெட்டி. வண்டி வாங்க வந்தது அவன் தங்கை டெல்பின். ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தது அவன்.

"டெல்பி, இதுல போய் எறங்குனா எவனும் வாயத் தொறந்து பேரம் பேச மாட்டான், பாத்துக்க."

"எறங்கறது யாரு?"

"நாந்தான். நீ பின்னாடி ஏணிய எறக்குவியாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். புரோக்கர் சிவராஜும் கூடச் சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்ததும் அதுவேதான்.

டெல்பினுக்குத் தொழில், ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களைப் பழுதுபார்ப்பது. ஓசூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், மேகம் களைத்துப்போய் வயலில் இறங்கிப் படுத்த மாதிரி அந்த வெள்ளைக் கூடாரங்கள் தெரியும். ஆடிக்காற்று ஒரு வீசு வீசினால் கூரை ஷீட்டு கிழியும், இரும்புக் குழாய் வளையும். பூக் கம்பெனியில் ரோஜா வெட்டப் போனவள் அவள். தலைக்கு மேலே ஏணியில் நின்று வெல்டிங் அடிப்பவரைப் பார்த்துப் பார்த்து, கீழே நிற்கப் பிடிக்காமல் போய், அந்த வேலையையே கற்றுக்கொண்டாள். பிறகு கம்பெனியை விட்டுவிட்டு, வாடகை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகத் தொடங்கினாள்.

பொம்பளப் பிள்ளை தனியாகப் போவதா என்று அம்மா பவுலினா ரோஷனைத் துணைக்கு அனுப்பினாள். சிப்காட்டில் கான்ட்ராக்ட் முடிந்து அவன் சும்மா இருந்த நேரம். துணைக்கு வந்தவன் முன்சீட்டில் உட்கார்ந்தான். முன்சீட்டிலிருந்து இறங்குகிறவனிடம்தான் தோட்டக்காரர்கள் பேசினார்கள். என்றைக்கு முடியும், எவ்வளவு ஆகும் என்று அவனே சொன்னான். கூரைமேல் இருந்தவள் ஒப்புக்குச் சப்பாணி ஆனாள். பேரிகை ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருமுறை, காற்று ஏறுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் மேலிருந்து கத்த, கீழே அவன், "இன்னிக்கே முடிச்சிரலாங்க" என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். படபடவென்று அடித்த ஷீட்டோடு மல்லுக்கட்டி முடித்துவிட்டு அவள் இறங்கியபோது, தோட்டக்காரர் ரோஷனின் தோளில் தட்டி, "உங்க ஆளு நல்லா வேல செய்யுதுப்பா" என்றார்.

உங்க ஆளு. அன்றிலிருந்து அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாக அவளோடு நடந்தது.

ரோஷன் கெட்டவன் இல்லை. மதியத்தில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக் கறித்துண்டை அவள் பக்கம் தள்ளுகிறவன். கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். இப்போது டிரைவிங் லைசென்ஸ் அவள் கையில் இருந்தது. வண்டியும் அவள் சம்பாத்தியம். அதிலும் அவன் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டால், எந்தக் காலத்திலும் இது தன் தொழில் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது. வராதே என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சிவராஜ் அடுத்ததாக ஒரு மூடிய வேனைக் காட்டினார். "மழ பெஞ்சாலும் சாமான் நனையாது, சிஸ்டர்."

"எங்க குழாய் இருபதடிங்க. உள்ள போகாது."

"அப்ப பிக்கப்புதான்," என்று ரோஷன் மறுபடி கதவைத் திறந்தான்.

மைதானத்தின் கோடியில், மதிலை ஒட்டி, ஒரு நீல நிற மினி லாரி தனியாக நின்றது. டெல்பின் அதைப் பார்த்து நடந்தாள்.

"அது உங்களுக்கு வேணாம், சிஸ்டர்," என்று சிவராஜ் பின்னாலேயே வந்தார். "இன்ஜின் கல்லு மாதிரிதான். குழாய் வெக்க மேல கம்பியும் இருக்குது. ஆனா அது பெங்களூருக்குப் பூ லோடு அடிச்ச வண்டி. ரெண்டு பெட்டி சேத்து ஏத்தலாம்னு அந்த மனுசன் இந்தப் பக்கத்து சீட்டக் கழட்டி எங்கியோ எறிஞ்சிட்டான்."

அவள் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். சீட்டு இருந்த இடத்தில் நான்கு போல்ட்டு ஓட்டைகள். ஓரத்தில் காய்ந்து கறுத்த ரோஜா இதழ்கள். மற்றபடி அங்கே வெயில் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தனக்கென்று பூட்டி வைத்திருந்த அறையைக் கண்டவள்போல் அவள் அங்கேயே நின்றாள். பிறகு சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள். வண்டி இருமாமல் கிளம்பியது.

"இதையே எடுத்துக்கறேன்."

"சரி, சீட்டு ஒண்ணு தேடிப் போட்டுக் குடுத்துடறேன்."

"சீட்டு வேணாம். அங்க வெல்டிங் மிசின் வெச்சுக்குவேன்."

"அப்ப நான் எங்க உக்காருவேன்?" என்று ரோஷன் சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப நான் வேணாங்கற."

"அண்ணனா வேணும். முன்சீட்டுல வேணாம்."

இத்தனை நாள் தொண்டையில் நின்றது இவ்வளவு சின்னதாக வெளியே வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். அவன் திரும்பி நடந்தான். பிக்கப்பின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சாலைக்குப் போய்ப் பஸ் ஏறினான்.

வீட்டில் பவுலினா அழுதாள். "நாளைக்கு எனக்கே ஒடம்பு முடியலன்னா எதுலடி ஏத்திட்டுப் போவ?"

"ஆட்டோல, பக்கத்துல உக்காந்து கூட்டிட்டுப் போறேன்."

"ஒத்த சீட்டு வண்டி. ஊர்ல கேட்டா என்னான்னு சொல்றது?" என்றார் அப்பா பாக்கியராஜ்.

"ஒத்த சீட்டு வண்டின்னு சொல்லுங்கப்பா."

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஃபாதர் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தபோது ரோஷன் வரவில்லை. அவள் கண்கள் இரண்டுமுறை சாலையைத் தேடின. ஆனாலும் சீட்டு போடச் சொல்லிச் சிவராஜுக்கு அவள் போன் செய்யவில்லை.

முதல் அழைப்பு, பாகலூரைத் தாண்டிக் கர்நாடக எல்லையை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் நாராயணப்பனிடமிருந்து வந்தது. இரவுக் காற்றில் கடைசிப் பாலிஹவுஸின் கூரை கிழிந்துவிட்டதாம். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் கேட்டருகே காத்திருந்தார். வண்டியின் இடப்பக்கத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். உள்ளே வெல்டிங் மெஷின், கயிற்றால் கட்டப்பட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணா பரலில்லவா? அண்ணன் வரலயா?"

"இல்லங்க. நான்தான் வந்திருக்கேன்."

"போன் போட்டா எடுக்கல அவன். ரேட்டு யார்கிட்டம்மா பேசறது?"

"என்கிட்ட."

"அதெல்லாம் சரிப்படாது. சாயந்திரம் அவனக் கூட்டிட்டு வா."

டெல்பின் தலையாட்டினாள். கெஞ்சவில்லை, விளக்கவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி பின்னால் நகர, குழாய்கள் கணகணவென்றன. தோட்டத்தின் கோடியில் கிழிந்த ஷீட்டு வானத்தில் அடித்துக்கொண்டிருந்தது. போனால் போகட்டும், தளிப் பக்கம் வேறு தோட்டங்கள் இல்லையா என்று அவள் மனதுக்குள் வழியைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி கேட்டைத் தாண்டுமுன் கதவில் கை விழுந்தது.

"நில்லும்மா. ஏன் இவ்ளோ கோவம்? வா, எடத்தக் காட்றேன்." சொல்லிக்கொண்டே இடப்பக்கக் கதவைத் திறந்தவர், மெஷினைப் பார்த்தார். முந்தின நாள் மழையில் பாதை நெடுகச் சேறு. "நான் எங்க உக்கார்றது?"

"ஒரே சீட்டுங்க. நடந்து வர்றதுன்னா மெதுவாப் போறேன். இல்லன்னா பின்னாடி ஏறிக்கங்க."

நாராயணப்பன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாய்க்கும் ஏணிக்கும் நடுவில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி ரோஜா வரிசைகளுக்கு இடையே ஊர்ந்தது. பூ வெட்டிக்கொண்டிருந்த கெம்பம்மா நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவளின் இடுப்பில் இடித்தாள். பிறகு அந்த வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. முதலாளி கேட்காததுபோல் வேறு பக்கம் பார்த்தார். கண்ணாடியில் டெல்பினுக்கு அவர் துண்டு பறப்பது தெரிந்தது.

அவர் கேபின்மேல் இரண்டுமுறை தட்டினார். "எடது பக்கம் திருப்பு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் திருப்பினாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதே குரல், காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு கேட்டது:

"ஏம்மா, எவ்ளோ கேப்ப?"

டெல்பின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தன் கூலியைத் தானே சொன்னாள்.