எலுமிச்சை வாசமடித்த பேருந்து

பெருநாளின் இரண்டாம் நாள் அக்கா நெஸாஹத் வந்தபோது, வழக்கப்படி வாசலிலேயே இரு கைகளையும் குவித்து நீட்டினாள். விருந்தாளியின் உள்ளங்கையில் முதலில் எலுமிச்சை வாசனைநீரான கொலோன் விழ வேண்டும். மிட்டாயும் நலம் விசாரிப்பும் பிறகுதான். கொன்யாவில் பரம ஏழை வீட்டிலும் இந்த மரியாதை தவறாது. தம்பி துன்ஜாய் அந்தக் கைகளைக் கவனிக்காமலே, "வாக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

"பஸ்ஸுல ஊர் முழுக்கக் கொலோன் ஊத்தினவரோட மகன் வீட்டுல இப்படி ஒரு பஞ்சமா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா பின்னால் வந்தாள்.

பாட்டில் அவன் கையில்தான் இருந்தது. கட்டிலில் மூன்று வயது மகள் யோன்ஜா காய்ச்சலில் அனலாகக் கொதித்துக் கிடந்தாள். விடுமுறையில் திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடி மனைவி போயிருந்தாள். அதுவரை கைகட்டி நிற்க அவனால் முடியவில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை நனைக்கப் பாட்டிலைச் சாய்த்தான்.

"அதைக் கீழ வை" என்றாள் அக்கா.

"என்னக்கா நீ? அப்பா இதைத் தேய்ச்சுத்தானே என்னைப் பொழைக்க வெச்சார்?"

அவன் வாழ்க்கையிலேயே இனிப்பான நாள் அது. ஐந்து வயது. அப்பா ரிஃப்கி அங்காரா பேருந்தில் பயணிகளின் கைகளில் கொலோன் ஊற்றும் உதவியாளர். வெளியே பனி, உள்ளே கணப்பு, காய்ச்சலோடு அப்பா மடியில் அவன். அப்பா கொலோனை உடம்பெங்கும் தேய்த்துத் தேய்த்து, ஈரத் துண்டால் சுற்றி வைத்திருந்தார். எங்கும் எலுமிச்சை வாசம். பேருந்தே அவனைக் கையிலிருந்து கைக்கு வாங்கி, "துன்ஜாய், துன்ஜாய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு ராஜகுமாரனைக்கூட அப்படித் தாங்கியிருக்க மாட்டார்கள். அப்பா இறந்த பிறகு அந்த வாசம்தான் அவனுக்கு அப்பா.

நெஸாஹத் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்கு அந்த வாசம்தான் ஞாபகம் இருக்கு. எனக்கு உன் கண்ணு சொருகினது ஞாபகம் இருக்கு. அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு, பஸ்ஸுல பக்கத்துலதான் இருந்தேன். உனக்குத் தலை நிக்கலை. டாக்டர் மோந்து பார்த்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'இந்தப் பையன் தோலாலயே குடிச்சிருக்கான்'னார். இதுல இருக்கறது பெரும்பாலும் சாராயம்டா. பெரியவங்க உள்ளங்கைக்குத் தாங்கும். புள்ளை உடம்பு தாங்குமா?"

"பொய் சொல்றே. எல்லாரும் என்னைக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டாங்க."

"தூங்க விடாதீங்கன்னு ஒரு அம்மா கத்தினாங்க. அதான் கூப்பிட்டாங்க. உன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு அப்பா எங்கிட்டக் கெஞ்சினார். இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை. இன்னிக்கு உன் கையில பாட்டிலைப் பார்த்த பிறகும் சும்மா இருக்கச் சொல்றியா?"

துன்ஜாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெருநாளும் அதுவுமாக வீடு தேடி வந்து அப்பாவைப் பறித்துக்கொள்கிறாளே என்றிருந்தது. ஆனால் துண்டைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு வந்தான். இருவரும் குழந்தையைத் துடைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மனைவி மருந்தோடு வந்து சேர்ந்தாள். மருந்து உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்க, யோன்ஜா பெருநாள் மிட்டாய் கேட்டு அடம்பிடித்தாள்.

அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. நாற்பது வயதில் இப்படிக் கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டான்.

"அப்போ பஸ்ஸுல இருந்தவங்களுக்கு என்மேல பிரியம் இல்லையாக்கா?"

"போடா பைத்தியம். டிரைவர் வழியை விட்டு வண்டியைத் திருப்பிக் குலூங்கற ஊர் ஆஸ்பத்திரிக்கு விட்டார். உன்னை உள்ள சேர்த்துட்டு எல்லாரையும் ஏறச் சொன்னார். ஒருத்தர்கூட ஏறலை. வீட்டுல பெருநாள் விருந்து ஆறிக்கிட்டிருக்கு, இங்க அத்தனை பேரும் வராந்தாவுல நிக்கறாங்க. நீ கண்ணைத் திறந்து 'பசிக்குது'ன்ன பிறகுதான் வண்டி கிளம்புச்சு."

"அப்பா?"

நெஸாஹத் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"வராந்தாக் குழாய்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கிட்டே இருந்தார். நீ அப்பான்னு கூப்பிட்டு அழறே. கிட்ட வரவே இல்லை. வாசம் இன்னும் போகலைம்மா, நீ தூக்கிக்கோன்னார்."