நான்சிக்குப் போன குரல்

குரல்களுக்குச் சுங்கம் வந்த திங்கட்கிழமை, பூங்கோதையின் கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். கடல் தாண்டி இங்கே வந்துவிட்ட வேலைகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள அவற்றை அனுப்பிய வெள்ளைக்கார நாடு சட்டம் போட்டிருந்தது. வேலைதானே போகும், போகட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் லட்டில் இருந்த கிராம்பைத் துப்பினாள்.

ஏழு வருடமாகத் துரைப்பாக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாட்டு வாஷிங் மெஷின்களின் கோளாறுகளைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் அவள் பெயர் நான்சி. வேலை முடிந்ததும் கிரெச்சுக்கு ஓடி மகள் ஆதிரையை அழைத்துவர வேண்டும். அந்தக் கிரெச்சில் முகத்தை நம்பமாட்டார்கள். கேட்டருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எந்தக் குரலுக்குக் குழந்தை ஓடிவருகிறதோ அதுதான் தாய்.

வேலை போனவர்கள் குரலைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டிய சுங்கக் கவுண்டர், கம்பெனிக் காரிடாரின் கடைசியில் இருந்தது. காரிடார் அன்று கொஞ்சம் வளர்ந்திருந்தது. போய்ச் சேர்வதற்குள் அவள் செருப்பு தேய்ந்துவிட்டது. அதிகாரிக்கு ஜலதோஷம். எதிரில் காய்கறித் தராசு.

"பேசும்மா."

"என்ன சார் பேசணும்?"

"அதான் பேசிட்டியே."

தராசுத் தட்டு இறங்கியது.

"எந்த ஊர்ச் சரக்கு?"

"மயிலாடுதுறை சார்."

"அப்ப பிரச்சினை இல்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அவர் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கினார். மேஜையில் போன் அடித்தது. அவர் மூக்கைச் சிந்தியபடி, "கொஞ்சம் எடும்மா" என்றார்.

பழகிய கை தானாகப் போனது. முகம் தானாகச் சிரித்தது. சிரித்தால்தான் குரலில் தெரியும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "வணக்கம், நான்சி பேசுகிறேன், நான் எப்படி உதவலாம்?" என்று அந்த நாட்டு உச்சரிப்பில் பிசகாமல் சொன்னாள். மறுமுனையில் யாரும் இல்லை.

அதிகாரி ஸ்டாம்பைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

"நான்சி அவங்க ஊர்ச் சரக்காச்சே. குரலையும் அது செய்யுற வேலையையும் அவங்க ஆளுக்கு அனுப்பிடணும். எல்லா வேலையையும்."

"சார், பழக்கத்துல வந்துடுச்சு சார். சாயங்காலம் பொண்ணக் கூப்பிடணும். கூப்பிட்டாத்தான் குடுப்பாங்க."

"இருமலை வேணா வச்சுக்கோ. அது நம்ம ஊரு."

அவர் இடுக்கியால் குரலை எடுத்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு அரக்கு வைத்தார். அவள் கத்தினாள். டிபன் பாக்ஸ் லேசாக அதிர்ந்தது. டீம் லீடர் வந்து கைதட்டி வழியனுப்பினார். டிபன் பாக்ஸைத்தான்.

கிரெச் வாசலில் பூங்கோதை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

"இருமினா எல்லாம் புள்ளையக் குடுக்க முடியாதும்மா. பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றாள் ஆயா.

ஆதிரை பையை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றிருந்தாள். பூங்கோதையை நன்றாகப் பார்த்தாள். பிறகு பஞ்சுமிட்டாய்க்காரனைப் பார்த்தாள்.

அப்போது பின்னாலிருந்து பூங்கோதையின் குரல் கேட்டது.

"ஆதிக்குட்டி, ஓடி வாடி தங்கம்!"

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. பெட்டியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. ஆதிரை ஓடிப்போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பூங்கோதை பாய்ந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆதிரை வீரிட்டாள்.

"அம்மா, யாரோ இழுக்குறாங்கம்மா!"

ஆயா வந்து பூங்கோதையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. முறையாகப் பயிற்சி பெற்றவள். சிரித்தாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமாங்க?"

பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவள் காத்திருந்தாள். பூங்கோதை உயிரைக் கொடுத்து இருமினாள்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆதிரை நல்ல பிள்ளை. ஆயாவுக்கு டாட்டா காட்டினாள். இருமுகிற ஆளுக்கும் காட்டினாள்.