மூணாம் நம்பர் காலேஜ்

கலியாணசுந்தரம் எதையும் நம்பர் போட்டுத்தான் பேசுவார். மலாக்கா ஆற்றங்கரையில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் ரப்பர் கிடங்கில் இருபத்தோரு வருஷமாக எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி அவர். தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது ஒன்றாம் நம்பர், இது மூன்றாம் நம்பர், இது குப்பை என்று தரம் பிரிப்பதும் அவர் வேலைதான். அந்தப் பழக்கம் அவரோடு காஜா பெராங்கில் இருந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி கமலவேணி வைக்கும் மீன் குழம்பு இரண்டாம் நம்பர். மகன் தேவதாஸ், சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்ட பிறகும், ஒன்றாம் நம்பர். மகள் கோகிலாவுக்குக் கோலாலம்பூரில் அரசாங்கம் நடத்தும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தபோது, அதையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணாம் நம்பர் காலேஜ்" என்றார்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஊரெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், வாத்தியார் போதவில்லை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷப் படிப்பு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் இருபது வெள்ளிப் பணம், அவ்வளவுதான். படித்து முடித்ததும் வேலை. ஆனால் ஐந்து வருஷம் அரசாங்கம் அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். இன்னும் மூன்று வாரத்துக்குள் தகப்பனார் கையெழுத்துப் போட்ட சம்மதப் பாரம் போய்ச் சேரவேண்டும். கோகிலா அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல், எங்கே போனாலும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள்.

இதைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை கமலவேணியின் அண்ணன் சேதுராமன் செமாபோக்கிலிருந்து வந்தார். அங்கே அவருக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது, கடையைவிடப் பெரிய வாயும் இருந்தது. தங்கை பொரித்துப் போட்ட வடைகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளிக்கொண்டே மருமகளின் எதிர்காலத்தை அலசினார்.

"காசு வாங்காத காலேஜ்ல என்னத்தப் படிச்சுக் குடுப்பான்? பாசார்ல ஒருத்தன் மீன சும்மா குடுக்கிறான்னா, மூக்கப் பொத்திக்கிட்டுல்ல வாங்கணும்."

"சும்மா இல்ல மாமா, இருபது வெள்ளி கட்டணும்" என்றாள் கோகிலா.

"இருபது வெள்ளிக்கு என் கடையில ஒரு மாச அரிசி பருப்புகூட வராது. அதுல சாப்பாடும் போட்டு, இடமும் குடுத்து, படிப்பும் குடுக்கிறானாம். என்ன படிப்பா இருக்கும்னு நீயே யோசி."

கலியாணசுந்தரம் அலமாரியைத் திறந்து, பளபளப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சிங்கப்பூரில் தேவதாசைச் சேர்க்க நினைத்திருந்த ஒரு தனியார் கமர்ஷியல் காலேஜின் விளம்பரம். அட்டையில் மணிக்கூண்டு வைத்த பெரிய கட்டடம். மாதக் கட்டணம் மட்டும் அறுபது வெள்ளி.

"இது காலேஜ்" என்றார்.

சமையலறை வாசலில் நின்று கமலவேணி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலேஜைப் பற்றிப் பக்கத்து வீட்டு நாகம்மா போன வாரமே சொல்லியிருந்தாள். நாகம்மா மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். அவளுடைய மைத்துனன் சிங்கப்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அந்தக் காலேஜ் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிறது, படத்தில் இருக்கும் மணிக்கூண்டு வேறு எவனுடையதோ என்று அவன் வந்து சொன்னானாம். கமலவேணி அதைப் புருஷனிடம் சொன்னபோது, "சிங்கப்பூர்ல எல்லாமே மாடியிலதான் இருக்கும்" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். அறுபது வெள்ளி கேட்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

அன்றைக்கு வடைத் தட்டு காலியானபோதும் முடிவு வரவில்லை. கோகிலா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. செங் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஒரு வருஷமாகத் தற்காலிக டீச்சராக இருப்பவள். கரும்பலகை முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்று, "எனக்குப் போகணும்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கலியாணசுந்தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் தராசு முள்ளு மாதிரி. எந்தப் பக்கமும் சாயமாட்டேன். வெள்ளிக்கிழம அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துடுவோம். வெள்ளப்பூ வந்தா போகட்டும். செவப்பு வந்தா வீட்டுல இருக்கட்டும். ஆத்தா சொன்னா யாரும் மறுபேச்சு பேசக்கூடாது."

கமலவேணிக்கு அந்த நிமிஷம் அவர்மேல் மரியாதைகூட வந்தது. தன் கல்யாணமே பூக்கட்டிப் பார்த்து முடிவானதுதான். அம்மன் முன்னால் யாரும் பெரிய வாய் பேச முடியாது, அண்ணன் உட்பட.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வேலியோரத்திலிருந்து செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் நின்றார்கள். சேதுராமன் வாழையிலையைக் கிழித்துக்கொண்டிருந்தது கமலவேணிக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு முதுகுகள்தான் தெரிந்தன. ஒரே அளவில் இரண்டு பொட்டலங்கள் அம்மன் காலடிக்குப் போயின. பூசாரி தீபம் காட்டி, தன் நாலு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். குழந்தை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

செவ்வரளி.

கோகிலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கலியாணசுந்தரம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். பூசாரி திருநீறு குங்குமத்தோடு மற்றப் பொட்டலத்தையும் பிரசாதமாகக் கமலவேணி கையில் போட்டார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, முதல் தடவையாகப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அம்மாவிடம் வந்து, "அந்தப் பொட்டலத்தக் குடும்மா. வெள்ளப்பூவ தலையில வச்சிக்கிறேன். அதாவது கெடைக்கட்டும்" என்றாள்.

கமலவேணி முடிச்சை அவிழ்த்து இலையைப் பிரித்தாள். உள்ளேயும் செவ்வரளிதான் இருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலா ஊசி குத்தினாற்போல அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். "உனக்கும் தெரியுமா" என்று அந்தப் பார்வை கேட்டது. கமலவேணியால் அதைத் தாங்க முடியவில்லை.

அண்ணன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செமாபோக் போனாள். சேதுராமன் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வச்சிக் கட்டினீங்களே, உங்களுக்குக் கை கூசலியா?"

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "நான் எங்க கட்டினேன்? எலயக் கிழிச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான். மாப்ளதான், நானே கட்டறேன், எம்பொண்ணு விசயம்னு வாங்கிக்கிட்டாரு. எனக்கு வாய்தான் நீளம் தங்கச்சி, சாமிகிட்ட வெளையாட எனக்கு என்ன பைத்தியமா?"

அவள் நம்பவில்லை. அது அவருக்கும் புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்படியே மாப்ள செஞ்சிருந்தாலும், ஏதாவது காரணம் இருக்கும். விடு. வெளிய சொன்னா ஊரு சிரிக்கும். ஒரு பொட்டப்புள்ள காலேஜுக்குப் போகலன்னு யாரும் சிரிக்கப்போறதில்ல."

சீ என்றிருந்தது கமலவேணிக்கு. கடையிலிருந்த கருவாட்டு வாடைகூட அந்தப் பேச்சைவிடத் தேவலாம் போலிருந்தது. அவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கற்கண்டை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். கலியாணசுந்தரத்தின் சட்டைகளைத் தண்ணீரில் போடுமுன் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். கிடங்கில் ஷீட்டின் ஓரத்தைக் கத்திரித்துப் பார்ப்பவர், அந்தத் துண்டைக் கீழே போடாமல் தன்னை அறியாமலே பைக்குள் போட்டுக்கொள்வார். பார்க்காமல் ஊறவைத்தால் ரப்பர் துணியோடு ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும். எதையும் கீழே போடாத கை அது என்று கல்யாணமான புதிதில் அவள் பெருமையாகக்கூடச் சொன்னதுண்டு.

கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை கைக்கு வந்தது. பைக்குள் விரலை விட்டாள். ரப்பர் இல்லை. மெத்தென்று ஏதோ ஒன்று. வெளியே எடுத்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறி நசுங்கிப்போன நந்தியாவட்டை.

கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மனுக்கு முன்னால் வெள்ளைப்பூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு அதே அம்மன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருக்கிறார். எந்த நினைப்பில் விழுந்திருப்பார் என்று யோசித்தபோது உடம்பெல்லாம் கூசியது. இந்த மனுஷனுக்கு இருபத்திரண்டு வருஷம் கை கழுவத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

வேலிக்கு அப்பாலிருந்து நாகம்மா எட்டிப் பார்த்தாள். "கோகிலா ஜாடி பெர்கி?" பெண் போவது முடிவாகிவிட்டதா என்று கேட்கிறாள்.

"ஜாடி" என்றாள் கமலவேணி. முடிவு அந்த ஒரு சொல்லில்தான் பிறந்தது.

சாயங்காலம் கோகிலாவை நாகம்மா வீட்டுக்கு அனுப்பினாள். தேவதாஸ் வழக்கம்போல் பந்து விளையாடப் போயிருந்தான். கலியாணசுந்தரம் குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். முன்னால் தட்டு இருந்தது. தட்டில் சோறு இல்லை. ஒரு வாடிய செவ்வரளி, பக்கத்தில் ஒரு வாடிய நந்தியாவட்டை. தட்டுக்குப் பக்கத்தில் கல்லூரிப் பாரமும் அவருடைய பேனாவும்.

அவர் பூக்களைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். அழுவார், கோபப்படுவார், இல்லை என்று சாதிப்பார் என்று பலவிதமாக எண்ணியிருந்தாள் கமலவேணி. இதை எதிர்பார்க்கவில்லை. மிச்சமிருந்த இரக்கமும் அந்த இரண்டு வார்த்தையில் போய்விட்டது.

"நான் பாத்தேன். பத்தாதா?"

"கோவப்படாத வேணி. அவ இங்க இருந்தா மாசம் எழுவது வெள்ளி வருது. போயிட்டா தேவதாசு பீஸ எதுல கட்டறது?"

"காலேஜு மூணாம் நம்பர்னு சொன்னீங்களே."

அவர் பேனாவைத் தள்ளி வைத்தார்.

"இதை அன்னிக்கே அண்ணன் முன்னால சொல்லியிருக்கலாமே. மக சம்பளம் வேணும், அதான் அனுப்பலன்னு."

"எப்படிச் சொல்றது? பொண்ணு சம்பாத்தியத்துல பையனப் படிக்க வைக்கிறான்னு பேரு வரும். மானம் போயிடும்."

"அதான் ஆத்தாள விட்டுச் சொல்லவச்சீங்களா?"

அவர் தட்டின் பக்கம் குனிந்துகொண்டார். கமலவேணி பேனாவை எடுத்து மூடியைத் திருகித் திறந்து அவர் கையருகில் வைத்தாள்.

"போடுங்க. போடலன்னா நாளைக்குக் கிடங்குக்கு வந்து, இந்த ரெண்டு பூவையும் தவுக்கே மேசையில வச்சிட்டு வருவேன். இருபத்தோரு வருசமா எடை போடுற கை எப்படிப்பட்டதுன்னு அவரும் தெரிஞ்சிக்கட்டும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சும்மா சொல்கிறாளா, செய்வாளா என்று எடை போட்டார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர்தான். பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, கிடங்குக் கணக்கில் போடுவதுபோலவே அழகாகச் சுழித்துக் கையெழுத்திட்டார். கீழே தேதியும் போட்டார். மை காய்வதற்கு இரண்டு தடவை ஊதினார்.

கமலவேணி பாரத்தை எடுத்து மடித்து, மகளுடைய கைப்பைக்குள் வைத்தாள்.

கலியாணசுந்தரம் இரண்டு பூக்களையும் தட்டிலிருந்து எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காரியம் வெளியே தெரியாமல் முடிந்ததில் அவர் முகம் தெளிந்துவிட்டிருந்தது.

"சரி. சோத்தப் போடு" என்றார்.

கமலவேணி சோற்றுப் பானையைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள். அகப்பையை அதற்குள் போட்டாள்.

"போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட நாகம்மா வீட்டுக்குப் போனாள்.