இறுக்குகிற பக்கம்

முதல் நட்டு அசையவில்லை. மகள் ஸ்பேனரின் கைப்பிடியை இடது பக்கமாக நீட்டி வைத்து இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்தாள். பிறகு செருப்பை உதறிவிட்டு, கைப்பிடியின்மேல் ஏறி நின்றும் பார்த்தாள். வேனின் இடப்பக்கப் பின்சக்கரம் காற்றுப் போய்த் தார்ச்சாலையில் சப்பிக் கிடந்தது. திறந்திருந்த பக்கக் கதவுக்குள், நீள இருக்கையில், அம்மாவின் மடியில் தலை வைத்து அப்பா படுத்திருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"இதோ, ரெண்டே நிமிஷம்மா."

காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே தட்டின்மேல் சாய்ந்தார். வலது கையும் காலும் துவண்டுவிட்டன. வாய் கோணிப் பேச்சும் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, போனை எடுத்த பெண் அதையே மறுபடியும் சொன்னாள். மகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற ரகமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை கொடுக்க, அப்பா ஓட்டுகிற பழைய வேனிலேயே அவரைத் தூக்கிப் படுக்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கிளம்பிவிட்டாள். பாதி வழியில், பூட்டிய கிடங்குகளைத் தவிர வேறொன்றும் இல்லாத சாலையில், பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது.

சக்கரம் கழற்றி மாட்டுவதெல்லாம் இவளுக்கு ஒரு வேலையா? வாரம் முழுக்க மின்சார அலுவலகத்தில் உட்கார்ந்து ரசீது போடுகிறவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அப்பாவும் மகளும் பழைய இரும்புச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள். மற்ற மனிதர்கள் ஓய்வுபெற்றதும் செய்தித்தாளில் மூழ்குவார்கள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த இவர் துருவில் மூழ்கினார். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய ஸ்பேனர், ராட்செட், குறடு என்று சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வருவார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வைத்தால் அதன் உடம்பில் எவனோ ஒரு பழைய மெக்கானிக் தன் சாமான் திருட்டுப் போகாமல் இருக்க வெட்டி வைத்த எழுத்தோ, குத்தி வைத்த புள்ளியோ தெரியும். அதை மட்டும் அப்பா ஒருபோதும் தேய்த்து அழித்ததில்லை.

"எவனோ ஆயுசு பூரா புடிச்சது. அவன் அடையாளம் இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

"செத்தவன் சாமானையெல்லாம் கொண்டாந்து வீட்டுக்குள்ள அடுக்குங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவற்றை ஆணியில் மாட்டி அழகு பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. வேலை செய்யாத ஸ்பேனரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இவற்றுக்கெல்லாம் பொருந்துகிற நட்டு இப்போதைய வண்டிகளில் கிடையாது என்பதால், அதே வயதுள்ள ஒரு வேனைக் காயலான் கடையிலிருந்து இழுத்துவந்து, ஒரு வருஷம் மல்லுக்கட்டி ஓடவும் வைத்துவிட்டார். கரண்டிக்கு வேலை வேணும்னு அடுப்பு வாங்கின மனுஷன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

போன மழைக்காலத்தில் இதே வேனின் வலப்பக்கச் சக்கரம் ஒன்றை மகள் தனியாளாகக் கழற்றி மாட்டினாள். அப்பா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை. அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. அன்றைக்கு அந்த நட்டுகள் சொன்ன பேச்சுக் கேட்டன. இன்றைக்கு என்ன கேடு வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. துருதான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

"அதோ ஒரு கார் வருது. கையைக் காட்டட்டுமா?" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. அவங்ககிட்ட கெஞ்சி, அப்பாவைத் தூக்கி மாத்தறதுக்குள்ள நான் சக்கரத்தையே மாட்டிடுவேன்."

கார் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தது. யாரும் கை காட்டவில்லை என்பதால் போய்விட்டது.

வேனின் பின்பக்கம் அப்பாவின் மரப்பெட்டி இருந்தது. அதிலிருந்து நீளமான இரும்புப் பைப்பை எடுத்துவந்து கைப்பிடியில் செருகினாள். பிடி நீண்டால் பலம் கூடும். பைப்பின் நுனியில் ஏறி, வேனின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். டொக் என்று சத்தம் கேட்டது. நட்டு கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம் வந்தது. கழலவில்லை. நட்டு திருகி ஏறும் கம்பியான ஸ்டட்டே முறிந்து, நட்டோடு சேர்ந்து ஸ்பேனரின் வாய்க்குள் உட்கார்ந்திருந்தது.

"என்னடி சத்தம்?"

"ஒண்ணு போச்சும்மா. பரவாயில்ல, இன்னும் நாலு இருக்கு."

ஸ்பேனரைத் தரையில் தட்டி உதறினாள். துண்டு உருண்டு வேனுக்கு அடியில் போனது. அதைத் தேட நேரமில்லை. அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டியபோது உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரிருந்த இடது கையை இருக்கைக்கு வெளியே நீட்டி, விரல்களைக் குவித்து, மணிக்கட்டை வலது பக்கமாகத் திருப்பினார். கையை எடுத்து மறுபடி அதே பக்கம் திருப்பினார்.

"என்னமோ சொல்றாருடி. வலிக்குதோ என்னமோ" என்றாள் அம்மா. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மகளுக்கு அவர் கை சொன்னது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையைப் பார்த்து வேலை செய்திருக்கிறாள்! கை நிறைய கிரீஸோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அவர் விரலைச் சுழற்றுகிற பக்கம் இவள் மேலேயிருந்து சுழற்றுவாள். அவர் வலது பக்கம் திருகச் சொல்கிறார். வலது பக்கம் என்றால் இறுக்குகிற பக்கம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அப்பா, அது இறுக்குற பக்கம்ப்பா" என்றாள். குரலை உயர்த்தாமல், காய்ச்சல்காரரிடம் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னாள்.

அப்பா தலையை அசைத்தார். இல்லை என்கிறாரா, ஆமாம் என்கிறாரா என்று தெரியவில்லை. கை மட்டும் மறுபடி வலது பக்கம் திரும்பியது.

"குழம்பிட்டாரும்மா. மூளைக்குப் போயிடுச்சு போல" என்றாள் மகள், அம்மாவைப் பார்த்து.

அதைக் கேட்டதும் அப்பா கையை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவரைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற வெறியில் பைப்பின்மேல் ஏறி, இன்னும் பலமாகக் குதித்தாள். அவர் மறுபடி கையைத் தூக்கினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து பைப்பில் ஒட்டியது. மறுபடி குதித்தாள், மறுபடியும் டொக் என்றது.

இந்த முறை துண்டு உள்ளே சிக்கிக்கொண்டது. விரலை விட்டு நெம்பி, உள்ளங்கையில் தட்டி எடுத்தாள். நட்டுக்கு வெளியே ஸ்டட்டின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. துருவே இல்லை. சுத்தமாக, கிரீஸ் பளபளக்க இருந்தது. வண்டியை ஓட்டத் தொடங்கும் முன் அப்பா ஒவ்வொரு நட்டையும் கழற்றி, கிரீஸ் தடவித்தான் மாட்டியிருப்பார், அவர் அப்படித்தான். பிறகு ஏன் என்று யோசித்துக்கொண்டே அதை நிமிர்த்திப் பிடித்தாள். ஸ்டட்டைச் சுற்றி ஓடும் மரைக் கோடுகள் எப்போதும் வலது பக்கம் உயர்ந்து ஏறும். இதில் அவை இடது பக்கம் ஏறின.

சில பழைய வண்டிகளில், ஓட ஓட நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று, இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் தலைகீழாக மரை வெட்டியிருப்பார்கள். திறக்கிற பக்கம் திருகினால் இறுகும், இறுக்குகிற பக்கம் திருகினால் திறக்கும். இப்படி உண்டு என்று சந்தையில் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறாள். கையால் தொட்டதில்லை. வலப்பக்கச் சக்கரம் கழற்றிய கர்வத்தில், இடப்பக்கமும் அதுபோலத்தானே என்று ஏறிக் குதித்துவிட்டாள். இவ்வளவு நேரமும் அவள் சக்கரத்தைக் கழற்றவில்லை. இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பைப்பைத் தூக்கி எறிந்தாள். ஸ்பேனரை மூன்றாவது நட்டில் மாட்டி, கைப்பிடியை வலது பக்கம் வைத்து ஒரு கையால் அமுக்கினாள். வெண்ணெய் மாதிரி இறங்கியது. நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே. ஜாக்கியை வைத்தாள், சக்கரத்தை உருவினாள், ஸ்டெப்னியைத் தூக்கி மூன்றே நட்டுகளில் மாட்டினாள். எல்லாம் நிஜமாகவே இரண்டு நிமிஷம் போலத்தான் இருந்தது.

"இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்காரு. கையை ஆட்டறத நிறுத்திட்டாரு. தூங்கட்டும், எழுப்பாதே" என்றாள் அம்மா.

மகள் கதவுக்குள் குனிந்தாள். இடது கை இருக்கைக்கு வெளியே தொங்கியது. விரல்கள் இன்னும் பாதி குவிந்தே இருந்தன. முகத்துக்குப் பக்கத்தில் போய், "புரிஞ்சுதுப்பா. அந்தப் பக்கம்தான். நீங்க சொன்ன பக்கம்தான்" என்றாள். பாதி திறந்திருந்த கண்கள் வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா இன்னும் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதிக நேரம் இருக்க வேண்டி வரவில்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று மகள் ஆரம்பித்தாள். டாக்டருக்கு வாசலில் அடுத்த ஆள் காத்திருந்தார். "பெரிய அடைப்பும்மா. முன்னாடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அவள் மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பாள்.

மறுநாள் காலையிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, அதற்கு மேல் ஒரு தார்ப்பாயும் கட்டியிருந்தார்கள். வேன் அதே வாசலில் வெயிலில் நின்றது; மகள் வந்து நிறுத்தியது நிறுத்தியபடி, இடது பக்கம் ஆட்களைப் பார்த்துக்கொண்டு.

அம்மா அழுது ஓய்ந்து, இப்போது வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேச்சு போச்சே தவிர நெனவு போகல. கடைசிவரைக்கும் கையை இப்படி இப்படித் திருப்பிக்கிட்டே இருந்தாரு. இவளுக்கு என்னமோ சொல்லணும்னு தவிச்சாரு. என்னன்னுதான் தெரியல." சொல்லும்போதே விரல்களைக் குவித்து வலது பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆசீர்வாதம் பண்ணியிருப்பார் என்றார் ஒருவர். போய்வருகிறேன் என்று சொல்லியிருப்பார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவுக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

"நீ பக்கத்துலதானே இருந்தே. உனக்கு என்னன்னு தோணுச்சு?" என்று மகளிடம் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் மகள். துணி சுற்றிய உள்ளங்கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

துரு மாமா வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இரும்புச் சந்தையில் அப்பாவோடு பேரம் பேசியும் சண்டை போட்டும் காலத்தை ஓட்டியவர். எதைக் கொண்டுவந்து காட்டினாலும் "துருதானே, போயிடும்" என்பார். அதனால் வந்த பெயர். அப்பாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் கையை ஒருமுறை தொட்டுவிட்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"எப்படி தங்கச்சி ஆச்சு?"

அம்மா ஆரம்பித்தாள். வழியில் பஞ்சர் ஆனது, சக்கரம் அடம் பிடித்தது, இவள் ஒற்றை ஆளாகப் போராடியது. "அவரு படுத்த படுக்கையில கையை இப்படித் திருப்பினாரு, அண்ணே."

"எந்தப் பக்கம்?" என்றார் துரு மாமா.

அம்மா காட்டினாள். மணிக்கட்டு வலது பக்கம் திரும்பியது. அவருக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று மறுபடியும் காட்டினாள்.

துரு மாமா வாசல் பக்கம் திரும்பி வேனைப் பார்த்தார். உள்ளே வரும்போது அவர் வேனைத் தாண்டித்தான் வந்திருந்தார். அவரைப் போன்றவர்கள் சாவு வீட்டுக்கு வந்தாலும் இரண்டு ஸ்டட் முறிந்த சக்கரத்தைப் பார்க்காமல் தாண்ட மாட்டார்கள். மகளின் கைகளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. மாமா ஏதாவது கேட்டுவிட மாட்டாரா, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுத் திட்டிவிட மாட்டாரா என்று இருந்தது அவளுக்கு. துருதானே என்கிற வாய் அசையவே இல்லை.

வாசலில் ஸ்கூட்டர்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரும்புச் சந்தைக்காரர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இறங்கியதுமே வேனைப் பார்த்து, "என்னய்யா, அந்தச் சக்கரத்துல…" என்று இரண்டு அடி எடுத்து வைப்பதை மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

துரு மாமா எழுந்தார். முழங்கால் வலிக்காரர் என்று சொல்ல முடியாத வேகத்தில் வெளியே போனார். தார்ப்பாய்க்குக் கீழேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், பின்சக்கரத்தை மறைக்கிற மாதிரி போட்டு, சக்கரத்துக்கு முதுகைக் காட்டி, கால்களை அகட்டி உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் அவரிடம் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

"வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? நிழலுக்கு வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"இருக்கட்டும்" என்றார். வேர்வை நெற்றியில் இறங்கியது. துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.