கூஜாவின் இடப்பக்க நிழல்

ஜூன் வெயிலில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மதிப்பெண் போட உட்காருவது மனிதர் செய்யும் வேலையே அல்ல. வழக்கமாகக் காலையிலேயே முடித்துவிடுவோம். அன்று இயக்குநர் காலை முழுவதும் கூட்டம் போட்டு எங்கள் உயிரை வாங்கிவிட்டதால் வேலை மதியத்துக்குத் தள்ளிப்போயிற்று.

ஓவிய அறையின் தரை முழுக்க ஒரே செம்புக் கூஜா, ஒரே மெழுகு ஆப்பிள், ஒரே வெள்ளைத் துணி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தீட்டியவை. நிஜக் கூஜா மூலையில் தன் மேசை மேலேயே இருந்தது. மதிப்பெண் முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது. தெருவிலிருந்து லிண்டன் மரத்துப் பூ வாசனை வந்து அறையை நிறைத்திருந்தது. படங்களுக்கு நடுவே நடக்கையில், ஒரே கூஜாவைத் திரும்பத் திரும்பக் கனவு காண்பதுபோல இருந்தது எனக்கு.

நாங்கள் மூன்று பேர். துறைத் தலைவர் ஸ்தாமென், சிற்பம் சொல்லித்தரும் இளம்பெண் பில்யானா, நான். படத்தின் பின்னால்தான் பெயர். மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை யாரும் திருப்பிப் பார்க்கக்கூடாது. உச்ச மதிப்பெண்ணான ஆறு வாங்கும் படம் பெரிய ஜன்னலோரம், அடிமட்டமான இரண்டு வாங்குவது கதவோரம். இடையில் உள்ளதையெல்லாம் ஸ்தாமென் ஷூ நுனியால் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்துவார். முட்டிவலிக்காரர், குனிய மாட்டார். நாலுக்குக் கீழே போன பிள்ளை ஓவியப் பிரிவை விட்டே போக வேண்டியதுதான்.

ஒரு படத்தின் முன்னால் அவர் நின்றார்.

"இது யாரு கனவுல வந்த கூஜா? ஜன்னல் இடது பக்கம் இருக்கு. நெழலும் இடது பக்கமே விழுந்திருக்கு!"

"ரெண்டு சூரியன் வெச்சிருக்கு போல," என்று பில்யானா கொட்டாவி விட்டாள்.

"வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாதவங்களுக்குத் தூரிகை எதுக்கு? மூணு." ஷூ நுனி அதைக் கதவோரம் தள்ளியது.

பெயரைப் பார்க்கத் தேவையே இல்லை. அது நெவேனாவின் கை. வகுப்பில் எல்லாரும் வரைந்து முடித்துப் போன பிறகும், தூரிகையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவள். இங்கிருந்து போனால் அவளுக்காக புர்காஸ் கடற்கரை ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை காத்திருந்தது. அவள் சித்தி பேசி வைத்துவிட்டாள். பொய் நிழல் என்று தெரிந்தும் அந்த ஆப்பிளிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"மார்க்க மையில எழுதறதுக்கு முன்னாடி ஒரு காபி," என்று சொல்லி வெளியே வந்தேன்.

நெவேனா மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் முடியும்வரை பிள்ளைகளோடு பேசுவது தப்பு. பேசினேன்.

"நெழல் ஏன்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கு?"

"அந்தப் பக்கந்தானே டீச்சர் விழும். கெர்கினா அத்தை ஜன்னலத் தொறக்கும்போது."

"எந்த கெர்கினா?"

"முற்றத்துக்கு அந்தாண்ட வீட்டு நர்ஸு. ராத்திரி டியூட்டி. பகல்ல தூங்கி எந்திரிச்சி ஜன்னல வெளிப்பக்கமாத் தள்ளுவாங்க. கண்ணாடில வெயில் பட்டு, நம்ம ரூமுல வலது பக்கச் சின்ன ஜன்னல் வழியா அடிக்கும். கொஞ்ச நேரந்தான்."

எனக்கு உறைத்தது. "அதுக்காகவா தெனம் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தே?"

"பின்ன வேற எதுக்கு?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்ல வந்தேன். ஸ்தாமென் சார் 'வாய மூடிட்டு வரை'ன்னுட்டாரு."

"இன்னிக்கு எந்திரிப்பாங்களா அவங்க?"

"நேத்து டியூட்டின்னா எந்திரிப்பாங்க. லீவுன்னா ஊருக்குப் போயிருப்பாங்க," என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணா டீச்சர்?"

நான் காபி போடப் போனேன். இவளோடு பேசியதாகச் சொன்னால் ஸ்தாமென் படத்தையே செல்லாது என்று தூக்கிப் போட்டுவிடுவார். அந்த நர்ஸ் எழுந்திருக்கும்வரை இழுத்தடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காபியை வேண்டுமென்றே பொங்க விட்டுத் திரும்ப வைத்தேன். அறைக்குத் திரும்பி, ஸ்தாமெனின் முட்டி அறுவை சிகிச்சையைப் பற்றி விசாரித்தேன். அதைப் போல நீளமான கதை இந்த ஊரிலேயே கிடையாது.

மயக்க மருந்து வரைக்கும் வந்தபோது பில்யானா ஜன்னல் திண்டில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஈ ஒன்று கூஜாவின் விளிம்பைச் சுற்றி வந்தது. ஸ்தாமெனின் குரலும் தேய்ந்து நின்றது; அவரும் கண்ணை மூடிவிட்டார். எதிர்வீட்டில் அந்த நர்ஸும் தூங்குகிறாள், இந்தப் பக்கம் இவர்களும் தூங்குகிறார்கள், முழித்திருப்பது நானும் படிக்கட்டில் ஒரு பெண்ணும் மட்டும்தான் என்று தோன்றியது. எழுந்திரு தாயே, எழுந்திரு என்று அந்த மூடிய ஜன்னலைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினேன்.

ஸ்தாமென் திடுக்கிட்டு விழித்துப் பேனாவை எடுத்தார். "போதும் ரூமி. எழுதிடறேன்."

"கூஜாவ ஒரு தடவ பாத்துட்டு எழுதுங்களேன்."

"எனக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தான் பாத்துட்டிருக்கேன்!"

முற்றத்துக்கு அப்பால் கீல் ஒன்று கிரீச்சிட்டது.

வலப்பக்கச் சின்ன ஜன்னலுக்குள் வெளிச்சம் புகுந்து சுவரில் நடுங்கி, இறங்கி, மேசை மேல் வந்து நின்றது. செம்பு பற்றிக்கொண்டது. ஆப்பிள் உள்ளிருந்து சிவந்தது. வெள்ளைத் துணியின் மேல் கூஜாவின் நிழல் இடப்பக்கம், பெரிய ஜன்னலை நோக்கி, நீளமாகப் படுத்தது.

"ஐயோ, ரூமி அக்கா," என்றாள் பில்யானா, பாதித் தூக்கத்தில்.

ஸ்தாமென் பேனாவை வைத்தார். கதவோரம் நடந்து போனார். ஷூவை நீட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே குனிந்து, அந்தப் படத்தை இரண்டு கையாலும் எடுத்தார். மேசைப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூஜா மூக்கு கோணல்," என்றார் கடைசியில். "அஞ்சு."

எழுதினார். படத்தை அவரே கொண்டுபோய்ப் பெரிய ஜன்னலோரம், ஆறுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே கதவைத் திறந்து, "நெவேனா, உள்ள வா!" என்று கத்தினார். யார் படமென்று கிழவருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அவள் வாசலில் வந்து நின்றாள். ஜன்னலோரம் இருந்த தன் படத்தைப் பார்த்ததும் அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"இந்த வெளிச்சம் எவ்ளோ நேரம் நிக்கும்?" என்று கேட்டார் ஸ்தாமென்.

"அத்தை தல சீவி முடிக்கிற வரைக்கும் சார். அப்புறம் ஜன்னலச் சாத்திடுவாங்க."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டில் கெர்கினா கண்ணை மூடியபடி, அவசரமே இல்லாமல், தலை சீவிக்கொண்டிருந்தாள்.