கோரனைக் கொன்றவன் பெயர்

அன்னுவை எங்கள் வீட்டு வெள்ளங்குடிக்கு நான்தான் கூப்பிட்டேன். செத்துப்போனவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கள்ளும் சுட்ட கருவாடும் அவலும் இலையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். அவர்கள் குடித்து முடிக்கும்வரை உயிரோடிருப்பவர்களுக்குப் பச்சைத்தண்ணீர் கிடையாது. உங்கள் புலயர் சாதி வழக்கமெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் ரெஜிதா என்று அன்னு ஒரு மாதமாய் என்னை அரித்துக்கொண்டிருந்தாள். எம்.ஏ. வகுப்பில் என் டிபனில் கைவிட்டுத் தின்கிறவள். அதே வகுப்புத் தேவிகாவும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

அன்னு வடக்கேத்தோப்பில் என்ற பண்ணையார் வீட்டுப் பெண். எங்கள் மூதாதை கோரன் செத்தது, காயலில் கரை கட்டி எடுத்த அவர்கள் நிலத்தில். அவளிடம் நான் சொல்லவில்லை. வந்து காதால் கேட்கட்டும், கேட்ட பிறகும் சிநேகிதியாக இருக்கிறாளா பார்ப்போம் என்று வைத்திருந்தேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

செத்தவர் பெயர், செத்த விதம், கொலையென்றால் கொன்றவன் பெயர். மூன்றையும் உரக்கச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒன்றை விட்டாலும் அவர் இலைக்கு வரமாட்டார்.

தங்கப்பன் மாமா கூப்பிடத் தொடங்கினார். அறுபது வயது, வடக்கேத்தோப்பில்காரர்கள் வயலில்தான் இன்னும் வேலை. கரை உடைந்து மண் நிற்காதபோது, ஆளைப் போட்டால் நிற்கும் என்று கோரனைக் கைகால் கட்டி உடைப்பில் இறக்கினார்கள். மண்வெட்டியால் தோளில் அடித்து அமுக்கினார்கள். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் சேற்றுக்கட்டிகளைப் போட்டு மிதித்தார்கள். வாய் நிறையும்வரை பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்தினார். கரை நின்றது.

இதுவரை சொன்ன மாமா, அன்னுவை ஒருதரம் பார்த்தார். "உடைப்புல போனவரே, வந்து குடிங்க" என்று அதோடு முடித்துவிட்டார்.

"யாரு மிதிச்சான்னு சொல்லு மாமா."

"வந்தவங்க இருக்காங்கடீ. பேசாம இரு."

"எதுக்குத் தயங்குற தங்கப்பா?" என்றாள் அன்னு. எங்கள் மாமாவைப் பெயர் சொல்லித்தான் அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகூடக் கூப்பிடும். "எங்க வீட்டுக் கதைதானே. அவரு தானா குதிச்சாரு. எங்க கொள்ளுத்தாத்தா வேணாம்னு கையப் பிடிச்சு இழுத்தாராம். அப்படி ஒரு விசுவாசம். அப்பா சொல்லும்போது இப்பவும் கண்ணு கலங்கும்."

அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ரெண்டு பக்கம் இருக்குமில்லையா என்று தேவிகா தொடங்குவதற்குள் அன்னுவின் வாயில் குத்தினேன். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. என் தலைமயிரைப் பிடித்து நிலைப்படியில் ரெண்டுமுறை மோதினாள்.

"எவ்வளவு படிச்சாலும் நீ புலச்சிதான்டீ."

ரெண்டு வருடம் ஒரே டிபனில் தின்ற வாய்.

நெற்றி ரத்தம் கண்ணில் வழிய அவளை முற்றத்துக்கு இழுத்தேன். அதை ஒட்டியே வாய்க்கால். குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றி முகத்தைச் சேற்றில் அமுக்கினேன். அவள் கை காற்றில் அடித்தது. மயிரைப் பிடித்துத் தூக்கினேன்.

"தானா குதிச்சியாடீ? சொல்லு. தானா குதிச்சியா?"

மறுபடி அமுக்கினேன். தேவிகா என் தோளைக் கடித்தும் நான் விடவில்லை. மாமாதான் இடுப்பைப் பிடித்துப் பிய்த்தெடுத்து, என் கன்னத்தில் பல் ஆட அறைந்தார். நாளைக்கு எவன்டீ எனக்கு வேலை தருவான் என்று கேட்டார். 

நான் வீட்டுக்குள் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். வாசல் வழியே வாய்க்கால் வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கோரப்பாட்டா, உங்களக் கட்டிப் போட்டு மிதிச்சது அன்னுவோட கொள்ளுத்தாத்தா வடக்கேத்தோப்பில் குஞ்ஞுவர்க்கி. வந்து குடிங்க."

அன்னு கரையில் உட்கார்ந்து சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தாள். துப்புவதை நிறுத்திவிட்டு அந்தப் பெயரைக் காதில் வாங்கினாள். எழுந்து தேவிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

நான் வெளியே வந்தேன். கதவை மாமா சாத்தினார்.